ஓய்வுபெற்ற போலீஸ் துப்பாக்கிகள்

மேற்கு ஜெர்மனியின் ஏதோ ஒரு நகரத்தில் 1980-ஆம் வருஷத்தில் ஒரு போலீஸ்காரரின் இடுப்பில் ஏறி, கால் நூற்றாண்டுக் காலம் மழையிலும் பனியிலும் அவருடனும் அவருக்குப் பின் வந்தவர்களுடனும் ரோந்து சுற்றி, அவ்வப்போது பயிற்சி மைதானத்தில் காகித இலக்கின்மீது சில குண்டுகளைச் செலுத்தியதைத் தவிர வேறு பராக்கிரமம் எதுவும் புரியாமல், கடைசியில் பழசாகிவிட்டது என்று கழிக்கப்பட்ட ஒரு கைத்துப்பாக்கி, அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்து உட்காருகிறது. 2007-ஐ ஒட்டிய சில வருஷங்களில் இப்படி வந்தவை ஏராளம். முந்நூறு, நானூறு டாலருக்குக் கிடைத்தன. அதே கம்பெனி புதிதாகச் செய்து விற்ற பிஸ்டலுக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு கொடுக்க வேண்டியிருந்த காலம் அது.

மலிவான சரக்குக்கு ஆள் சேர்வது எங்கும் உள்ளதுதான். ஆனால் இந்தத் துப்பாக்கிகளைத் தேடி வாங்குகிறவர்கள் மலிவுக்காக மட்டும் வாங்கவில்லை என்பது அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் தெரியும். உறையில் உரசி உரசிக் கறுப்புச் சாயம் போன குழல்முனையையும், பக்கவாட்டில் பொறித்துள்ள மாதம், வருஷம், மாநில முத்திரை ஆகியவற்றையும் அவர்கள் நாணயம் சேகரிப்பவரின் சிரத்தையோடு ஆராய்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அந்தச் சிரத்தை வீண் போகவில்லை. ஒரு சர்க்கார் பயந்துபோய், அந்தப் பயத்தை நிதானமாக யோசித்து, ஷரத்து ஷரத்தாக எழுதி, அந்த எழுத்தை எஃகில் வார்க்கச் சொன்னதன் விளைவாகப் பிறந்த ஆயுதங்கள் இவை. வாங்குகிறவன் அறிந்தோ அறியாமலோ அந்த ஷரத்துகளுக்கும் சேர்த்தே கிரயம் கொடுக்கிறான்.

போலீஸுக்கென்றே ஒரு பிஸ்டல் என்ற எண்ணம் ஜெர்மனியில் புதிதல்ல. தூரிங்கியப் பிரதேசத்தில் ஸெல்லா-மெஹ்லிஸ் என்ற சிற்றூரில் இருந்த வால்டர் கம்பெனி 1929-இல் வெளியிட்ட பிஸ்டலுக்கு 'போலீஸ் பிஸ்டல்' என்பதே பெயர். அதன் சுருக்கமே 'பி.பி.' சீருடை அணியாத துப்பறிவாளர்கள் சட்டைக்குள் மறைத்து வைத்துக்கொள்ளும்படி அதைக் கொஞ்சம் குறுக்கிச் செய்தது 'பி.பி.கே.' ஜேம்ஸ் பாண்டின் கையில் சினிமாத் திரையில் உலகம் பார்த்தது இதைத்தான். யுத்தம் முடிந்து தூரிங்கியா ருஷ்யர் வசமானபோது வால்டர் குடும்பம் தொழிற்சாலையைப் பறிகொடுத்துவிட்டு மேற்கே உல்ம் நகரத்துக்குப் பெயர்ந்தது. ஜெர்மனியில் ஆயுத உற்பத்திக்குத் தடை இருந்தபடியால், 1952 முதல் அதே பி.பி.யைப் பிரான்ஸில் முலூஸ் நகரத்து மானுரின் கம்பெனி லைசென்ஸ் பெற்றுச் செய்தது. யுத்தத்தில் தோற்ற நாட்டின் போலீஸ், ஜெயித்த நாட்டில் செய்த தன் சொந்தத் துப்பாக்கியை வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டது! இந்த ரகம் பிஸ்டல்களும் பின்னாளில் கழிக்கப்பட்டு அமெரிக்கா சேர்ந்தன; ஐம்பது வருஷம் தாண்டிய ஆயுதங்களுக்கு அங்கே புராதனப் பொருள் என்ற அந்தஸ்து உண்டு.

இந்தப் பி.பி.யின் தோட்டா பெரும்பாலும் 7.65 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அளவில் சிறியது, வேகத்தில் சாது. திருடனை மிரட்டவும், காயம்பட்ட மானை வழியோரத்தில் துன்பம் நீக்கவும் அது போதும் என்றே மேற்கு ஜெர்மானியப் போலீஸ் இருபது வருஷங்களுக்கு மேல் நம்பியிருந்தது. 1972 செப்டம்பர் 5-ஆம் தேதி மியூனிக் ஒலிம்பிக் கிராமத்தில் பாலஸ்தீனத் தீவிரவாதிகள் எட்டுப் பேர் இஸ்ரேலிய விளையாட்டு வீரர்களைச் சிறைப்பிடித்தபோது அந்த நம்பிக்கை தகர்ந்தது. அன்றிரவு ஃப்யூர்ஸ்டன்ஃபெல்ட்புருக் விமானத்தளத்தில் மீட்பு முயற்சி படுதோல்வியில் முடிந்து, ஆக மொத்தம் இஸ்ரேலியர் 11 பேரும் ஒரு ஜெர்மானியப் போலீஸ் அதிகாரியும் உயிரிழந்தார்கள். அந்தத் தோல்விக்குக் காரணம் பிஸ்டல் அல்ல. குறிபார்த்துச் சுட நிறுத்தப்பட்ட ஐந்து பேருக்கும் தங்களுக்குள் பேசிக்கொள்ள ரேடியோகூட இல்லாதது போன்ற அடிப்படைக் குறைகளே காரணம். என்றாலும், அதன் பிறகு போலீஸின் கருவிகள் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து, இது போதுமா, போதுமா என்று அந்த நாடு தன்னையே கேட்கத் தொடங்கியது. அதே மாதம் ஜி.எஸ்.ஜி.-9 என்ற விசேஷப் படை உதயமாயிற்று. உள்நாட்டிலேயே செம்படைக் கோஷ்டி என்ற தீவிரவாதக் குழுவின் கொலைகளும் வங்கிக் கொள்ளைகளும் பெருகிவந்த காலமாதலால், சாதாரண ரோந்துக்காரருக்கும் வலுவான பிஸ்டல் வேண்டும் என்ற முடிவுக்கு வர அதிக நாள் பிடிக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் தயாரான நிபந்தனைப் பட்டியல் ஒருவகையில் ரசித்துப் படிக்கத் தக்கது. தோட்டா 9 மில்லிமீட்டர் பாரபெல்லமாக இருக்க வேண்டும். குழல்வாயில் குண்டின் சக்தி 500 ஜூலுக்குக் குறையக்கூடாது. நீளம் 180 மில்லிமீட்டரையும், உயரம் 130-ஐயும், தடிமன் 34-ஐயும், எடை ஒரு கிலோவையும் தாண்டக்கூடாது. பத்தாயிரம் குண்டு சுட்டாலும் உழைக்க வேண்டும். இவ்வளவும் எந்தச் சர்க்காரும் கேட்கக்கூடியவைதாம். விசேஷம் அடுத்த ஷரத்தில் இருக்கிறது. குழலில் தோட்டா ஏற்றிய நிலையில் துப்பாக்கி எப்போதும் உறையில் இருக்க வேண்டும், கீழே விழுந்தாலும் அடிபட்டாலும் வெடிக்கக்கூடாது, ஆனால் உருவிய கணத்தில் எந்தத் தாழ்ப்பாளையும் நீக்க அவசியமின்றிச் சுட வேண்டும் என்றது அது. நெருக்கடி வேளையில் மனிதனின் விரல்கள் பயிற்சியை மறக்கும் என்பதை உணர்ந்த ஒருவர் அந்தக் குழுவில் இருந்திருக்க வேண்டும். அது வரை பாதுகாப்பு என்றால் பெருவிரலால் தள்ளும் ஒரு தாழ்ப்பாள் என்றிருந்ததை, தாழ்ப்பாளே இல்லாமையை நிபந்தனையாக்கித் தலைகீழாகத் திருப்பிவிட்டது இந்த ஒரு ஷரத்து.

கேள்வி ஒன்றாயிருக்க, விடைகள் மூன்றாக வந்தன. மூன்றும் தேறின. ஜெர்மனியில் போலீஸ் இலாகா மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது; ஆகையால் மத்திய சர்க்கார் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லார்மீதும் சுமத்த முடியவில்லை. வடக்கே எக்கர்ன்ஃபோர்டேயில் ஸாவர் கம்பெனி, ஸ்விட்ஸர்லாந்தின் ஸிக் கம்பெனியுடன் சேர்ந்து செய்த பி-6 என்பதை நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலமும், சுங்க இலாகாவும், இன்னும் சில மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. நெக்கார் நதிக்கரையில் ஓபெர்ன்டோர்ஃப் ஊரில் ஹெக்லர்-கோக் கம்பெனி செய்த பி-7 என்பதைப் பவேரியாவும் கீழ் ஸாக்ஸனியும் ஏற்றன. உல்மிலிருந்து வால்டர் கொண்டுவந்த பி-5 பாடன்-வூர்ட்டம்பெர்கிலும் ரைன்லாந்து-பலாட்டினேட்டிலும் உத்தியோகத்தில் அமர்ந்தது. எந்தப் பிஸ்டல் உத்தமம் என்று இன்றும் அமெரிக்கச் சுடுதளங்களில் நடக்கும் தர்க்கத்துக்கு மூலகாரணம் ஜெர்மனியின் கூட்டாட்சி அரசியல் சாஸனம்தான் என்றால் தர்க்கிப்பவர்களில் பலர் நம்பமாட்டார்கள்.

இவற்றுள் சந்தைக்கு அதிகமாக வந்தது பி-6. கையில் எடுத்தால் முதலில் படுவது அதன் சாதாரணத் தன்மை. வழவழப்பான பளபளப்போ, அலங்காரச் செதுக்கலோ கிடையாது. ஸ்லைடு என்னும் மேற்பகுதி, எஃகுத் தகட்டை அழுத்தி மடித்துச் செய்தது; தோட்டாவைத் தாங்கும் கனமான அடைப்புத் துண்டை அதனுள் தனியாகச் செருகி ஆணி அடித்திருப்பார்கள். ஒரே எஃகுக் கட்டியைக் குடைந்து செய்வதைவிட இது சிக்கனமான மார்க்கம். பக்கத்தில் 'பி-6' என்ற பெயரும், சேவையில் ஏற்ற மாதமும் வருஷமும், நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவைச் சேர்ந்ததாயின் அதன் இரண்டெழுத்து முத்திரையும் இருக்கும். பின்னால் உள்ள சுத்தியைக் கவனித்தால் அதன் நுனியில் ஒரு கொக்கி வடிவமான வெட்டு தெரியும். புதிதாக வாங்குகிறவர்கள் இது என்ன ஊனம் என்று கேட்பதுண்டு. துப்பாக்கி பின்புறமாகக் கீழே விழுந்தால் அந்த மெல்லிய பாகம் வளைந்துபோகும். போலீஸ்காரர் விழுந்ததைச் சொல்லாமல் மறைத்தாலும், ஆயுதசாலையில் பரிசோதிப்பவர் வளைவைப் பார்த்து, உள்ளே வேறு சேதம் உண்டா என்று பிரித்துப் பார்த்துவிடுவார். மனித சுபாவத்தை இவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டுச் செதுக்கிய சுத்தியை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

சுடும்போது பி-6-இன் குணம் இரண்டு விதமாக வெளிப்படுகிறது. சுத்தி படிந்திருக்கும் நிலையில் முதல் குண்டுக்கு விசையை இழுப்பது விரலுக்கு ஒரு தேகப்பயிற்சி. நீண்ட தூரம், கனத்த இழுப்பு, அதற்குள் குழல்முனை இடமோ வலமோ அசைந்து குண்டு இலக்கின் ஓரத்தைத் தேடிப் போய்விடும். பதற்றத்தில் தவறிச் சுட்டுவிடக்கூடாது என்பதற்காகவே வேண்டுமென்று வலுவான சுருள்வில்லைப் போலீஸ் கேட்டு வாங்கியது. முதல் குண்டு போனதும் சுத்தி தானே பின்வாங்கி நின்றுவிடுவதால், இரண்டாவது முதல் இழுப்பு குறுகி லகுவாகிவிடும். அப்போது அந்தப் பழைய உத்தியோகஸ்தர் இலக்கின் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு துளைகள் போடுவதைப் பார்க்கலாம். அமெரிக்கர்கள் வாங்கிய கையோடு செய்யும் முதல் காரியம், அந்தச் சுருள்வில்லைக் கழற்றிவிட்டுச் சில டாலரில் கிடைக்கும் மெல்லியதைப் போடுவது. காகிதத்தைச் சுடுகிறவனுக்குப் போலீஸின் பயம் எதற்கு என்பது அவர்கள் நியாயம். இன்னொரு சங்கடமும் உண்டு: முனை உருண்ட, முழுக்கவசமுள்ள குண்டுக்கென்றே வடிவமைத்த தோட்டாப் பாதை, முனையில் அகன்ற குழியுள்ள நவீனக் குண்டுகளைச் சில சமயம் விழுங்க மறுத்துத் தொண்டையில் சிக்க வைத்துவிடும்.

பி-7-இன் கதையே வேறு. அதில் வெளியே சுத்தியும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. பிடியின் முன்பக்கம் முழுவதும் ஒரு நெம்புகோல் இருக்கிறது. பிடித்து இறுக்கினால் உள்ளே ஊசி பின்னால் இழுக்கப்பட்டுச் சுடத் தயாராகும். கையைத் தளர்த்தினால் அந்தக் கணமே சாதுவாகிவிடும். இறுக்குவதற்கு ஏழு கிலோ அளவு பலம் வேண்டும்; இறுக்கியதைப் பிடித்திருக்க அதில் ஒரு சிறு பங்கு போதும். நெருக்கடியில் எவனும் ஆயுதத்தை இறுகப் பிடிப்பான், கை நழுவினால் தளர்ந்துவிடும் என்ற இயற்கையையே பாதுகாப்புக் கருவியாக்கிய சாமர்த்தியம் இது. காலியாகித் திறந்து நிற்கும் மேற்பகுதி, புதிய தோட்டாக்கூட்டைச் செருகிக் கையை இறுக்கியதும் தானே முன்னால் பாயும். குழலோ அசையாமல் சட்டத்தில் பதிந்தது. தோட்டா வெடித்ததும் எழும் வாயுவில் ஒரு சிறு பகுதி, குழலின் அடியிலுள்ள நுண்துளை வழியாகக் கீழே ஒரு ஸிலிண்டருக்குள் இறங்கி, மேற்பகுதியோடு இணைந்த பிஸ்டனைத் தடுத்துப் பிடித்துக்கொள்கிறது. குண்டு வெளியேறி அழுத்தம் தணிந்த பிறகே மேற்பகுதி பின்வாங்குகிறது. குழல் அசையாததாலும், அது கைக்கு மிகத் தாழ்வாக அமைந்திருப்பதாலும், சுடும்போது முனை எகிறுவது குறைவு. முதல் குண்டுக்கும் எட்டாவது குண்டுக்கும் விசையின் இழுப்பில் வித்தியாசமே கிடையாது. பி-6-ஐச் சுட்டுவிட்டு இதைக் கையில் எடுத்தவர்களின் முகத்தில் உடனே ஒரு புன்னகை மலரும் என்பார்கள்.

அந்தப் புன்னகை நாலைந்து தோட்டாக்கூடு வரைதான் நீடிக்கும். வாயு ஸிலிண்டர் விசைக்கு நேர் மேலே இருப்பதால், தொடர்ந்து சுடச் சுட அந்த இடம் கொதித்து, விரலை வைக்க முடியாதபடி தகிக்கும். ரோந்துக்காரர் ஒரு நாளில் ஐம்பது குண்டு சுடப்போவதில்லை என்பதால் போலீஸுக்கு இது ஒரு குறையாகவே தோன்றியிராது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சுட்டுப் பொழுது போக்க வருகிறவருக்குத்தான் இந்த உபத்திரவம். கவசமில்லாத வெறும் ஈயக் குண்டுகளையும் இதில் சுடலாகாது; நுண்துளையை ஈயம் அடைத்துவிடும். சுட்ட பிறகு ஸிலிண்டருக்குள் படியும் கரியைச் சுரண்ட ஒரு தனிக் கருவியே உண்டு. வெளியே தெறித்த பித்தளைத் தோட்டா உறைகளைப் பொறுக்கிப் பார்த்தால், அவற்றின் உடம்பில் நெடுக்காகக் கறுப்புக் கோடுகள் வரிவரியாக ஓடும். வெடிப்பறையின் சுவரிலுள்ள பள்ளங்கள் இட்ட முத்திரை அது. பி-5-ஐ இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. பழைய ராணுவ பி-38-இன் பேரன். வெடித்த உறையை வலப்பக்கம் எறியும் பிஸ்டல்களின் நடுவே இது இடப்பக்கம் எறியும். சந்தைக்கு அபூர்வமாகவே வந்தது.

கிழக்கு ஜெர்மனியின் மக்கள் போலீஸைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர்கள் வைத்திருந்தது ருஷ்ய மக்காரோவ். யுத்தத்துக்குப் பின் ருஷ்யர் புதிய பிஸ்டல் செய்தபோது, தூரிங்கியாவில் கண்ட வால்டர் பி.பி.யின் தத்துவத்தையே பின்பற்றினார்கள். பிறகு அந்த மக்காரோவைச் செய்யும் வேலை, ஐம்பதுகளின் கடைசியில், வால்டரின் பழைய ஊருக்குப் பக்கத்து நகரமான ஸூலுக்கே வந்து சேர்ந்தது. ஸாவர் கம்பெனியும் யுத்தத்துக்கு முன் அந்த ஸூல் நகரத்தில் இருந்ததுதான். 1990-இல் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றானபோது கிழக்கின் போலீஸே கலைந்துபோயிற்று; அதன் மக்காரோவ்கள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது, அந்த ரகத்தில் இவ்வளவு நேர்த்தியான வேலைப்பாடு வேறில்லை என்ற கியாதி அவற்றுக்கு உண்டாயிற்று.

மேற்கின் பிஸ்டல்கள் கழிக்கப்பட்டதற்கு முக்கியக் காரணம் தோட்டா. முழுக்கவசக் குண்டு குற்றவாளியின் உடலை ஊடுருவி அப்பால் நிற்கும் நிரபராதியையும் தாக்கக்கூடும் என்ற கவலையில், உடலுக்குள் விரிந்து நின்றுவிடும் புதிய ரகக் குண்டுகளை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாநிலங்கள் ஏற்றன. பழைய பிஸ்டல்களுக்கு வயதும் ஆகியிருந்தது. பிளாஸ்டிக் சட்டமுள்ள ஹெக்லர்-கோக் பி-2000, வால்டர் பி-99 முதலியவை அவற்றின் இடத்தைப் பிடித்தன. மிஞ்சியதை என்ன செய்வது? ஜெர்மனியிலேயே விற்பதற்கு வாங்குவோர் குறைவு. அங்கே ஒரு பிரஜை பிஸ்டல் வாங்க வேண்டுமானால் சுடும் கழகத்தில் ஒரு வருஷமாவது அங்கத்தினராக இருந்து, தனக்கு அது அவசியம் என்று நிரூபித்து, உடைமைச் சீட்டுப் பெற்று, இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். 2002-இல் எர்ஃபர்ட் பள்ளியில் 16 பேர் கொல்லப்பட்ட பிறகு சட்டம் இன்னும் இறுகியது. ஆகவே, தன் ஜனங்கள் எளிதில் வாங்கக்கூடாது என்று ஒரு ராஜ்யம் கருதிய பொருள், வாங்கலாம் என்று கருதும் இன்னொரு ராஜ்யத்துக்குக் கப்பல் ஏறியது. இதில் உள்ள முரண்பாட்டை ஜெர்மானியர்களே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். 2006-இல் ஆப்கானிஸ்தானத்துக்கு ஜெர்மனி அளித்த சுமார் பத்தாயிரம் பி-1 ராணுவப் பிஸ்டல்களில் சில, பிறகு கடைத்தெருவில் விலை பேசப்பட்ட செய்தி வந்தபோது, பழைய ஆயுதத்தை விற்பதும் கொடுப்பதும் வேண்டாம், உருக்கிவிடுவதே மேல் என்ற கட்சி அங்கே பலம் பெற்றது. எனக்கும் அந்தக் கட்சியோடு பெரிய ஆக்ஷேபம் இல்லை. ஒரு பி-7-ஐ உலையில் எறிவதை மனத்தில் நினைத்துப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் சங்கடமாயிருக்கிறது.

அமெரிக்காவிலும் எல்லாம் தங்குதடையில்லாமல் நுழைந்துவிடுவதில்லை. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொலையுண்ட 1968-இல் வந்த சட்டப்படி, இறக்குமதியாகும் பிஸ்டல் விளையாட்டுக்கு ஏற்றதா என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கிறார்கள். எடை, அளவு, ஊசியைப் பூட்டிவைக்கும் அமைப்பு, தோட்டா ஏறியிருப்பதைக் காட்டும் குறி ஆகிய ஒவ்வொன்றுக்கும் மார்க்கு உண்டு. 75 வாங்கினால் தேர்ச்சி. உயரம் நாலு அங்குலத்துக்குக் குறைந்தால் பரீட்சைக்கே உட்கார முடியாது. ஜேம்ஸ் பாண்டின் பி.பி.கே. ஒரு மயிரிழையில் அப்படித்தான் தோற்றது. வால்டர் கம்பெனி அதன் மேற்பகுதியைப் பெரியண்ணனான பி.பி.யின் சட்டத்தில் பொருத்தி, 'பி.பி.கே./எஸ்.' என்று நாமகரணம் செய்து அனுப்பிவைத்தது! கடையில் வாங்குகிறவர் 21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். விண்ணப்பத் தாளைப் பூர்த்தி செய்து, குற்றப் பின்னணி இல்லை என்று மத்திய பரிசோதனையில் தேற வேண்டும். நம் நாட்டில் 9 மில்லிமீட்டர் தடைசெய்யப்பட்ட ரகம். சாதாரணப் பிரஜை லைசென்ஸ் கேட்டால் கிடைக்கக்கூடியது .32, அதாவது ஜெர்மானியப் போலீஸ் போதாது என்று தள்ளிய அதே 7.65.

கண்ணாடிப் பெட்டிக்கு முன் நிற்பவர் வெளிச் சாயத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பது அனுபவஸ்தர்களின் உபதேசம். உறை உரசல் அசிங்கமே தவிர நோயல்ல. குழலின் உட்சுவர் கூர்மையாய் மின்னுகிறதா, சட்டத்தின் தடங்களில் ஆழமான தேய்வு உண்டா என்பதே விஷயம். பெரும்பாலானவை நிறையச் சுமக்கப்பட்டுக் குறைவாகச் சுடப்பட்டவை. சுருள்வில்களை மாத்திரம் தயங்காமல் மாற்றிவிட வேண்டும். இன்றைய நிலவரத்தில் வரத்து வற்றிவிட்டது. பி-7-இன் உற்பத்தியும் நின்றுபோனதால், ஒரு காலத்தில் சில நூறு டாலருக்குக் கிடைத்தது இப்போது ஆயிரத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. அதை வாங்குகிறவர்கள் சுடுவதைவிடத் துடைத்து வைப்பதே அதிகம். சுடவே விரும்புகிறவருக்கு நான் சிபாரிசு செய்வது பி-6-ஐத்தான். அது சூடாகாது, உதிரிப் பாகம் கிடைக்கும், கீறல் விழுந்தால் மனசு நோகாது. அந்தக் கனத்த முதல் இழுப்பைப் பழகிக்கொள்ளப் பொறுமை இருந்தால் சுருள்வில்லைக்கூட அப்படியே விட்டுவிடலாம்.